நூறு கையெழுத்துப் பூட்டு
(திருப்பூரில் செய்த சொற்பொழிவு)



இவ்வூரில் நான்கு பவர் டேபிள் போட்டுப் பனியன் தைக்க முன்வருகிற ஒருவனிடம், "ஏற்கெனவே கம்பெனி வைத்திருக்கும் முதலாளிகளில் ஐம்பது பேர் உன்னைப் பிரேரேபிக்க வேண்டும், வேறு ஐம்பது பேர் ஆமோதிக்க வேண்டும், அதன் பிறகே மிஷினை ஓட்டலாம்" என்று ஒரு சட்டம் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா? குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க விரும்புகிறவனுக்கு இந்நாட்டில் இருக்கிற சட்டம் இதுவேதான்.

அரசியல் சட்டமோ, குடிமகனாய், 35 வயது நிரம்பி, லோக்சபைக்கு நிற்கத் தகுதியுடையவனாய், சர்க்காரில் ஊதியப் பதவி வகிக்காதவனாய் இருந்தால் போதும் என்கிறது. கையெழுத்து விவகாரம் 1952-ம் வருஷத்துத் தேர்தல் சட்டத்தைச் சேர்ந்தது. முதலில் பிரேரேபிக்க ஒருவரும் ஆமோதிக்க ஒருவரும் போதுமாயிருந்தது. 1974-ல் அது பத்தும் பத்துமாயிற்று. 1997-ல் ஐம்பதும் ஐம்பதுமாகி, டிபாசிட்டும் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ஆயிற்று.

கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்களும் நாமும் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்களே போட வேண்டும். அதுவும் ஒருவர் ஒரு அபேட்சகருக்குத்தான் போடலாம். திருப்பூர் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் 8 பேர், கோவை 10, ஈரோடு 8, நீலகிரி 3, சேலம் 11, நாமக்கல் 6, கரூர் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக 50. இத்தனை பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டாலும் பிரேரேபிக்க மட்டுமே ஆகும். ஆமோதிக்க ஆள் தேடித் திருச்சிக்கும் மதுரைக்கும் ரயில் ஏற வேண்டியதுதான்!

விளையாட்டு அபேட்சகர்களைத் தடுக்கவே இது என்கிறார்கள். 1967-ல் 17 பேர் நின்றார்கள், அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு ஓட்டும் விழவில்லை, வாஸ்தவம். ஓட்டே வாங்காதவனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கின்றோம். நம் பக்கத்து மொடக்குறிச்சியில் 1996-ல் சட்டசபைக்கு 1,033 பேர் நின்றதால், ஓட்டுச் சீட்டைப் புத்தகம்போல் அச்சடிக்க நேர்ந்து தேர்தலே தள்ளிப்போயிற்று. அக்கஷ்டம் மெய்யே. ஆனால் அவ்வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, சட்டசபை டிபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியதோடு, சுயேச்சைக்கு அத்தொகுதியின் சாதாரண ஓட்டர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். பத்து ஓட்டர்களை ஒரு சாயங்காலம் டீக்கடையிலேயே பிடித்துவிடலாம். நூறு சட்டசபைக்காரர்களை எந்தக் கடையில் பிடிப்பது?

இன்னொரு புரட்டையும் கவனியுங்கள். இந்தத் தேர்தலில் ஓட்டு இரகசியமானது. கட்சிக் கொறடா உத்தரவு இதில் செல்லாது என்று தேர்தல் கமிஷனே சொல்லியிருக்கிறது. 1969-ல் காங்கிரஸ் கட்சியின் அபேட்சகர் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் வி.வி.கிரி. கிரி பெரிய மனிதர், இந்திரா காந்தியின் ஆதரவும் இருந்தது, நூறு கையெழுத்தென்றாலும் அவருக்குக் கிடைத்திருக்கும். கேள்வி மற்றவர்களைப் பற்றியது. கட்சிக்கு விரோதமாக இரகசியத்தில் ஓட்டுப் போடத் துணிகிறவன்கூடப் பகிரங்கமாய்த் தன் பேரை எழுதிக் கையெழுத்திடுவானா? ஓட்டில் கொடுத்த சுதந்திரத்தை நாமினேஷன் தாளிலேயே பிடுங்கிக்கொண்டால், அது என்ன சுதந்திரம்?

பலன் கண்கூடு. 1997, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆறு தேர்தல்களிலும் களத்தில் நின்றவர்கள் இரண்டே பேர், மூன்றாவது ஆள் ஒரு தடவைகூட இல்லை. 2007-ல் ஷெகாவத் சுயேச்சை என்ற பேரில் நின்றார். பின்னால் பாரதிய ஜனதாக் கட்சி நின்றது. அப்பேர்ப்பட்ட சுயேச்சைக்குக் கையெழுத்துப் பஞ்சம் ஏது?

டிபாசிட் இருக்கட்டும். ஜெயிக்கத் தேவையான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றவன் அதை இழக்கிறான், அந்தத் தண்டனையே போதும். கையெழுத்தை மட்டும் பழையபடி ஒன்றும் ஒன்றுமாக்க வேண்டும்; இல்லையேல் சாதாரண ஓட்டர்கள் போடலாம் என்றாக்க வேண்டும். அடுத்த தேர்தல் 2027-ல் வரவேண்டியது. அதற்குள் உங்கள் ஊர் அங்கத்தினர் உங்கள் வாசலுக்கு வந்தால், கட்சி சாராத ஒருவனுக்கு நீர் கையெழுத்துப் போடுவீரா என்று நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள்.