அன்றாட எழுத்துக்கு ஏற்ற பேனா எது?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் கற்ற பெரியோர் பலர் வீற்றிருக்கும் அவை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாகக் காலந்தள்ளும் என்னைப் பேச அழைத்தபோது, எதைப் பேசுவதென்று மலைத்தேன். "அறிந்ததைப் பேசினால் போதும்" என்றார் செயலாளர். நான் அறிந்தது பேனா ஒன்றுதான். என் தந்தையார் விட்டுச் சென்ற கறுப்புப் பேனாவில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மைப்பேனாவினாலேயே எழுதி வருகிறேன். எனவே, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பேனாக்களுள் அன்றாட எழுத்துக்கு ஏற்றது எது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

கைப்பேசி வந்துவிட்ட காலத்தில் மைப்பேனா எதற்கு என்று இளைஞர்கள் நகைக்கலாம். விண்ணப்பங்களில் பல இன்று கணினி வழியே போகின்றன என்பது மெய்யே. ஆயினும் கையால் எழுத வேண்டியவை இன்னும் ஒழியவில்லை; பிள்ளைகளின் பள்ளிக்கூட எழுத்தும் ஒழியவில்லை. மைப்பேனாவை அழுத்த வேண்டுவதில்லை. தாளைத் தொட்டாலே எழுதும். நெடுநேரம் எழுதுவோரின் விரல்களுக்கு அது பெரிய ஆறுதல். மை தீர்ந்ததும் எறிய வேண்டாம், மீண்டும் நிரப்பலாம். அதே வேளையில் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. கார்பன் தாள் வைத்து மூன்று படிகள் எடுக்கும் வேலைக்கு மைப்பேனா உதவாது. அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும். அதற்குப் பால்பாயிண்ட் பேனாவே தக்கது.

மைப்பேனாவின் உயிர் நிப்புக்கு அடியிலுள்ள நாக்கில் இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் உண்டு. மை இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தி 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் லூயிஸ் எட்சன் வாட்டர்மன். இந்த வகையில் எல்லா மைப்பேனாக்களும் உடன்பிறப்புகளே. மையை எவ்வாறு சேர்த்து வைக்கின்றன என்பதில்தான் அவை பெரிதும் வேறுபடுகின்றன. அவ்வகையில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கழுத்தைத் திருகிக் கழற்றிச் சொட்டுக் குழாயால் மை விடும் பேனா. என் தந்தையாரின் பேனா இவ்வகையே. ராஜமுந்திரியில் ரத்னம் பேனாவைச் செய்த கே. வி. ரத்னம் அவர்கள் தம் பேனாவைக் காந்தியடிகளுக்கு அளித்ததும், அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று அடிகள் 1935-ஆம் ஆண்டில் கடிதம் எழுதியதும் பலர் அறிந்த செய்தி. நம் தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் ரங்கா என்ற பெயரில் இத்தகைய பேனாக்களைக் கையால் கடைந்து செய்கிறார்கள். இவற்றின் உடல் பெரும்பாலும் எபோனைட். அது வேறொன்றுமில்லை; ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய பொருள். இடுக்கி எல்லையை அடுத்துப் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் 1902-ஆம் ஆண்டிலேயே வணிக நோக்கில் ரப்பர்த் தோட்டம் எழுந்தது என்பதை எண்ணும்போது, இப்பேனா நமக்கு அயலானதன்று என்று தோன்றுகிறது.

இவ்வகையில் உடலே மைக்கூடு. ஆகவே இரண்டு, மூன்று மில்லி லிட்டர் மை கொள்ளும்; பல நாள் எழுதலாம். குறையும் ஒன்றுண்டு. மை குறைந்து உள்ளே காற்று மிகும்போது, கைச்சூட்டில் அக்காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா மை கக்குகிறது என்று நாம் வைவது இதைத்தான். எபோனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் உலோக உடலைவிட இதில் அத்தொல்லை குறைவு. மூன்றில் ஒரு பங்காகக் குறையுமுன் மீண்டும் நிரப்பிவிட்டால் பெரும்பாலும் கக்காது.

இரண்டாவது, உள்ளே இருக்கும் பையை அழுத்தி மை உறிஞ்சும் பேனா. சீனத்து ஹீரோ 616 இவ்வகையில் நம்மவர்க்குப் பழக்கமானது. 1941-ஆம் ஆண்டில் வந்த பார்க்கர் 51 என்ற பேனாவைப் பார்த்து அமைத்தது அது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். மற்றது கூட்டுக்குள் ஒடுங்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றை நீங்கள் அறிவீர்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கோப்பைப் புரட்டுவதற்குள் நிப்பு உலர்ந்துவிடும். கூட்டுக்குள் ஒடுங்கிய நிப்பு அவ்வளவு விரைவில் உலராது. எழுதி நிறுத்தி எழுதும் அலுவலக வேலைக்கு இது நன்று. கொள்ளும் மை குறைவு. பையைக் கழுவுவதும் சற்றுக் கடினம்.

மூன்றாவது, மை அடைத்த சிறு குப்பியைச் செருகும் பேனா. சிறிய குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவான மையே இருக்கும். செலவு மிகுதி, சிற்றூர்க் கடைகளில் குப்பி கிடைப்பதும் அரிது. ஆயினும் பயணத்துக்கு இதுவே வசதி. மூணாற்றுத் தோட்டத்தில் உறவினர் உடைய குடும்பங்கள் நம்மிடையே பல. மூணாறு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரியும், சட்டைப்பை நீலமாகும். மலைப் பயணத்தில் பேனாவை முழுதும் நிரப்பியோ முழுதும் காலி செய்தோ, நிப்பு மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். குப்பிப் பேனாவாயின் குப்பியை மலையேறிய பின் செருகிக்கொள்ளலாம்.

இம்மூன்றையும் இவ்வளவு ஆராய்ந்த நான், ஒன்றை ஆராயாது விட்டேன். அந்தப் பிழையைச் சொல்லவே முக்கியமாக இங்கு வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தண்டவாளத்திலேயே உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஓய்வூதியப் பதிவில் அவர் மனைவியின் பெயர் பிழையாக இருந்தது. திருத்தாவிட்டால், அவர் காலத்துக்குப் பின் அந்த அம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைய நேரும். நான் தந்தையாரின் பேனாவை எடுத்து, நீல மையில், என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சாட்சிகள் இருவரும் கையொப்பமிட்டனர். அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். அலுவலகத்தில் பிரித்தபோது தாளில் நீலக் கறையே மிஞ்சியிருந்தது. வாங்க மறுத்தார்கள். அவர்கள்மீது குற்றமில்லை.

மறுபடி எழுத எனக்கு அரைமணி போதும். ஆனால் சாட்சிகளுள் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். அதே வாரம் அண்ணாச்சி நெஞ்சுவலியால் மருத்துவமனையில் படுத்துவிட்டார். நான் பார்க்கச் சென்றபோது, "எழுத்து முத்து முத்தாத்தான் இருந்துச்சு தம்பி, மழைக்கு நிக்கலையே" என்றார். அருகில் அந்த அம்மாள் நின்றிருந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. சாட்சி திரும்பி வர இரண்டு வாரமாயிற்று. அதுவரை எனக்கு நல்ல உறக்கமில்லை. இறைவன் அருளால் அண்ணாச்சி தேறினார்; பெயரும் திருத்தப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றதை எந்தப் பேனாவும் எனக்குக் கற்பிக்கவில்லை.

அன்பர்களே, பேனா எழுதுவோனுக்கு உரியது; மையோ எழுத்தை நம்பியிருப்போர்க்கு உரியது. பள்ளிக்கூட நீல மைகளில் பல, நீர் பட்டால் கரைபவை. சிறுவர் சட்டைக்கு அது நன்மை, விண்ணப்பத்துக்குத் தீமை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்யும் வழக்கம் நம் நாட்டில் பண்டே உண்டு. அந்த முறையைச் சேர்ந்த இரும்பு மை இன்றும் கிடைக்கிறது. அது தாளில் ஊறிக் கறுத்து, நீருக்கு எளிதில் அசையாது. ஆனால் அதை நிரப்பும் பேனாவை அடிக்கடி வெறும் நீரால் கழுவ வேண்டும். படம் வரையும் இந்தியன் இங்க்கை மட்டும் எந்த மைப்பேனாவிலும் நிரப்பாதீர்கள். அதிலுள்ள அரக்கு உலர்ந்து நாக்கை அடைத்துவிடும்.

புதிய மை வாங்கினால் ஒரு வரி எழுதி, ஒருநாள் உலரவிட்டு, அதன்மேல் இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நிற்கும் மையை விண்ணப்பத்துக்கு வையுங்கள்; கரையும் மையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

முடிவாக, வீட்டிலிருந்து நெடுநேரம் எழுதுவோர்க்குச் சொட்டுக் குழாய்ப் பேனா; விட்டுவிட்டு எழுதும் அலுவலகத்தார்க்கு ஒடுங்கிய நிப்புப் பேனா; பயணிகளுக்குக் குப்பிப் பேனா. மூன்றுமே நல்லவை, விலையைப் பார்க்குமுன் கடையிலேயே எழுதிப் பாருங்கள். மொழி வேறான ஊரில் வாழும் நமக்குள் ஒருவர்க்கொருவர் எழுதிக் கொடுத்து உதவும் வழக்கம் நிலைக்கட்டும். அவ்வாறு எழுதும்போது, அத்தாள் மழையில் நடக்கப்போகிறது என்பதை மறவாதிருப்போம்.