அணுவின் நடை



மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் எங்கள் முள்ளியவளை வீடுகளில் எரியாத மின்குமிழ்கள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தால் அவற்றின் மெல்லிய இழை தெரியும். அந்த இழை தங்குதன் என்ற உலோகம். அணுக்களை மனிதர் தனித்தனியே கண்டதும் முதலில் அந்த உலோகத்திலேதான்.

1955 ஒக்ரோபர் 11. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவருடைய மாணவரான இந்தியர் கன்வர் பகதூரும் மிகக் கூரிய தங்குதன் முனையொன்றைக் கடுங்குளிரில் வைத்து, சுற்றிலும் சிறிது ஈலியம் விட்டு, ஆயிரக்கணக்கான வோல்ற் மின்னழுத்தம் கொடுத்தார்கள். முனையில் துருத்திய அணுக்களின் அருகே ஈலியம் அயனாகித் திரைக்குப் பறந்தது. திரையில் ஓர் அணுவுக்கு ஒரு புள்ளியாக ஒளிர்ந்தது. அணு என்ற சொல்லை நம் புலவர்கள் எத்தனையோ நூற்றாண்டாகக் கையாண்டார்கள். அதைக் கண்ட பகதூரின் பெயரோ நம்மில் பலருக்குத் தெரியாது.

அன்று கண்டது நின்ற அணுவை. அது நடக்குமா? 1966இல் கேர்ட் ஏர்லிக்கும் ஹுட்டாவும், மின்குமிழுக்குப் பேர்போன ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுகூடத்தில், அந்த நடையை அளந்து வெளியிட்டார்கள். முனையில் ஓர் அணுவை விழவிட்டுக் குளிரில் படமெடுப்பார்கள். பிறகு மின்னழுத்தத்தை நிறுத்துவார்கள். காட்டித்தரும் அதே விசை அணுவின் நடையையும் கெடுத்துவிடுமல்லவா? குறித்த நேரம் சூடாக்கி, மறுபடி குளிரவைத்துப் படமெடுப்பார்கள். இப்படித் திரும்பத் திரும்ப. அணு குடிகாரன்போல் முன்னும் பின்னும் தடுமாறுவதால், நூறு அடி வைத்தாலும் சராசரியாகப் பத்தடித் தூரமே போகும். வெப்பம் ஏற ஏற நடை எவ்வளவு வேகமாகிறது என்பதிலிருந்து, ஓரடி வைக்க அது தாண்டவேண்டிய தடையைக் கணித்தார்கள்.

நேயர்களே, அணு அடிவைத்ததை அவர்கள் பார்க்கவேயில்லை. கையிலிருந்தவை இரண்டு படங்கள், நடுவே இருட்டு. இருட்டில் நடந்ததைப் பற்றிச் சராசரிக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதுகிற நாங்கள் அவ்வளவு அடக்கமானவர்களல்லர்.

சில முகங்களில் உலோகம் உழுத வயல்போலச் சால்சாலாக இருக்கும். அணு சாலோடே ஓடும். பக்கத்துச் சாலுக்கு ஏறாது. படியின் விளிம்புக்கு வந்தால் கீழே விழவேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அது வரம்பைக் கண்ட மாடுபோலத் திரும்பிவிடுகிறது! விளிம்பைத் தாண்டும் கணத்தில் பிடித்துக்கொள்ள அயலணுக்கள் குறைவு. ஆவியாக்கி உலோகப் பூச்சுப் பூசுவோருக்கு இது பெரிய தொல்லை. மேலே விழும் அணுக்கள் கீழ்ப்படிக்கு இறங்க மறுத்தால் பூச்சு மட்டமாகப் படியாமல் புற்றுப்போலக் குவிந்து எழும்பிவிடும்.