உப்புக் காற்றும் மோட்டார் பேரிங்கும்

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய தோட்டங்களில் உப்பு ஈரம் புகுந்து பம்புசெட் மோட்டாரின் பேரிங் துருவேறுகிறது. வாழைக்குத் தண்ணீர் பாய வேண்டிய நாளில் மோட்டார் இறுகி நின்றால் என்ன செய்வது?

பழைய பேரிங்கைத் துடைத்து எண்ணைப் பாருங்கள். 6205 என்றால் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள். உள்துளை 25 மில்லிமீட்டர். 6305-க்கும் துளை அதேதான். ஆனால் வெளிவிட்டம் 52 அல்ல, 62. பொருந்தாது. கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்தே நமக்கு முக்கியம். இசட்.இசட். என்பது தகட்டு மூடி. தூசியைத் தடுக்கும், ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது. இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்.எஸ். கடலோரத்திற்கு ஏற்றது. பழையதில் சி3 என்றிருந்தால் புதியதிலும் அது இருக்கட்டும். கிரீஸ் உள்ளேயே அடைத்து வருகிறது, மூடியை நெம்பாதீர்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் குழாய்த்துண்டு வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும்.