பிடித்தம் போகிறது, பாதுகாப்பு எவ்வளவு?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "என் மகன் உள்ளாட்சியில் வேலை பார்க்கிறான். மாதம் 300 ரூபாய் பிடிக்கிறார்கள். எனக்கு ஓய்வூதியத்தில் 497 ரூபாய் போகிறது. இதற்கு மேல் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு வேண்டுமா?" இதைப் பற்றிப் பேசும்படி செயலர் என்னிடம் சொல்லிவிட்டார். நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டரோ ஏஜெண்டோ இல்லை. எதையும் விற்க வரவில்லை என்பதால் நிம்மதியாகக் கேட்கலாம்.

நம் வீடுகளில் மாநில அரசு, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, பள்ளி என்று சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2024-இல் நம் ஊர் மாநகராட்சி ஆனதால் இந்தக் காப்பீட்டில் எதுவும் மாறிவிடவில்லை. உள்ளாட்சி ஊழியர்களும் மாநில அரசின் 'புதிய நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டத்'தில்தான் இருக்கிறார்கள். 2008-இல் இது வந்தபோது மாதம் 25 ரூபாய்க்கு 2 லட்சம் பாதுகாப்பு. 2016-இல் 180 ரூபாய்க்கு 4 லட்சம். 2021 ஜூலை முதல் 300 ரூபாய்க்கு 5 லட்சம், அரசு பட்டியலிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. ஓய்வூதியர்களுக்கான திட்டம் தனி. 2018-இல் 350 ரூபாயாக இருந்த சந்தா 2022 ஜூலையில் 497 ஆனது. பாதுகாப்பு அதே 5 லட்சம், 10 லட்சம்தான். இரண்டையும் நடத்துவது யுனைடெட் இந்தியா நிறுவனம்.

இதில் ஊழியருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை. எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்தெந்த ஆஸ்பத்திரி என்பதையெல்லாம் டெண்டர் வைத்து அரசே முடிவு செய்துவிடும். நமக்குத் தேர்வு இருப்பது அதற்கு மேல் என்ன வாங்குவது என்பதில் மட்டும்.

அதை முடிவு செய்யுமுன் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 5 லட்சம் ஆண்டுக்கு 5 லட்சம் இல்லை, நான்கு ஆண்டுக்குச் சேர்த்து. தலைக்கு 5 லட்சமும் இல்லை, குடும்பத்துக்கே அவ்வளவுதான். ஓய்வூதியர் திட்டத்தின் இப்போதைய நான்காண்டு 1.7.2022 முதல் 30.6.2026 வரை. 2023-இல் இதய அறுவை சிகிச்சைக்கு மூன்றரை லட்சம் எடுத்திருந்தால், 2026 ஜூன் வரை கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மிச்சம் ஒன்றரை லட்சம்தான். ஏற்கெனவே கிளெய்ம் வாங்கியவர்கள் எத்தனை பேர் தங்கள் மீதித் தொகையைத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

அதற்காக இந்தத் திட்டத்தைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். 497-ஐ 12-ஆல் பெருக்கினால் 5,964. ஆறாயிரம் ரூபாய்க்குள் எழுபது வயதுத் தம்பதிக்கு, ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்க, மருத்துவப் பரிசோதனை இல்லாமல் காப்பீடு தரும் கம்பெனி வெளியே கிடையாது. இளையவர்கள் கொடுக்கும் பணத்தில் முதியவர்களைக் காப்பாற்றுவதுதான் குழுக் காப்பீட்டின் சூட்சுமம். முதியவர்கள் மட்டுமே கொண்ட குழுவானால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வங்கி ஓய்வு பெற்றோரே சாட்சி. இந்திய வங்கிகள் சங்கத்தின் ஏற்பாட்டில் 2015-இல் எங்களுக்கு ஒரு குழு பாலிசி வந்தது. எழுத்தர்களுக்கு 3 லட்சம், அதிகாரிகளுக்கு 4 லட்சம். பணியில் இருப்பவர்களின் கணக்கு தனி, எங்கள் கணக்கு தனி. வயதானவர்கள் மட்டும் உள்ள கூட்டம், ஆகவே கிளெய்ம் ஏறியது. கிளெய்ம் ஏற ஏற பிரீமியமும் ஒவ்வொரு நவம்பரிலும் ஏறியது. கட்ட முடியாமல் பலர் விலகினார்கள். உடம்பு நன்றாக இருந்தவர்கள்தான் முதலில் விலகுவார்கள், அதனால் மிச்சமிருப்பவர்களின் பிரீமியம் இன்னும் ஏறும். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி நீங்கியது. குழு பாலிசிக்கு நீங்கவில்லை. எங்களுக்குள் இன்றும் புகைந்துகொண்டிருக்கும் விஷயம் அது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தனியாக 5 லட்சத்துக்கு முழு பாலிசி எடுப்பதை விட, இருக்கும் அரசுத் திட்டத்தின் மேல் ஒரு 'சூப்பர் டாப்-அப்' எடுப்பது மலிவு என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். சரிதான். ஒரு வரம்பு வரை செலவை நீங்களோ உங்கள் வேறு காப்பீடோ பார்த்துக்கொள்ள வேண்டும், அதைத் தாண்டினால் இந்த பாலிசி தரும். அந்த வரம்புக்கு டிடக்டிபிள் என்று பெயர். "உங்களிடம்தான் அரசின் 5 லட்சம் இருக்கிறதே, 5 லட்சம் டிடக்டிபிள் வைத்து 15 லட்சத்துக்கு எடுங்கள், பிரீமியம் குறைவு" என்பார்கள். இங்கேதான் ஜாக்கிரதை. டிடக்டிபிள் கணக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும், அரசின் 5 லட்சமோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் புதிதாகும். முதல் ஆண்டில் 4 லட்சம் செலவானது, அரசுத் திட்டம் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டு இன்னொரு 4 லட்சம். அரசிடம் மீதி 1 லட்சம்தான். டாப்-அப்போ, இந்த ஆண்டு 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கையை விரித்துவிடும். நடுவில் 3 லட்சம் உங்கள் தலையில். ஆகவே பிரீமியம் சற்றுக் கூடினாலும் டிடக்டிபிளை 2 அல்லது 3 லட்சமாக வையுங்கள். வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகையும் தனியாக இருக்கட்டும்.

எழுபது வயதில் பாலிசி கிடைக்குமா என்றால், உச்ச வயது என்ற தடையை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் நீக்கிவிட்டது. விண்ணப்பிக்கலாம்; ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்பு. எந்த நோயையும் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய பாலிசி ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் உங்களைக் கைவிடும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு.

மகன், மகள் விஷயம். ஊழியர் திட்டத்தில் பிள்ளைகளுக்கு 25 வயது, வேலை, திருமணம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். பெற்றோர் சேர்வது ஊழியருக்குத் திருமணம் ஆகும் வரை மட்டுமே. மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்த வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. அந்த அம்மாவுக்கு அவருடைய சொந்த ஓய்வூதியத் திட்டம் இருப்பதால் பிழைத்தார். ஓய்வூதியம் இல்லாத தாய் தகப்பனுக்குத் தனி பாலிசியை மகனின் கல்யாணத்துக்கு முன்பே பாருங்கள், காத்திருப்புக் காலம் அப்போதே ஓட ஆரம்பிக்கும்.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல். பௌர்ணமி இரவில் செங்கம் சாலையில் வண்டி நகராது. அன்றைக்கு நெஞ்சு வலி வந்தால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, போய்ச் சேர முடிந்த இடத்துக்குத்தான் போவோம். பட்டியலில் இல்லாத இடம் என்பதற்காகவே பணம் மறுக்கப்பட்டால் விட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கில், அவசரத்தில் பட்டியலுக்கு வெளியே சிகிச்சை பெற்றார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சிகிச்சை நிஜமாகவே நடந்ததா, ஆவணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே அவசர நிலை என்று டாக்டர் எழுதிய சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அரசுத் திட்டத்தில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, மனு அங்கே போக வேண்டும். டாப்-அப் பாலிசியும் வைத்திருப்பவர்கள் அசலை ஒப்படைக்குமுன் சான்றொப்பமிட்ட நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கம்பெனி அதைத்தான் கேட்கும்.

கேஷ்லெஸ் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று தனியாகப் பணம் கேட்கும் பழக்கமும் இருக்கிறது. நம் பிளாக்கில் ஒருவரிடம் மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படிக் கேட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. "எதற்கு எவ்வளவு என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள், ரசீதும் வேண்டும்" என்று மட்டும் கேட்டார். பாதி தொகை அங்கேயே கரைந்தது.

தனி பாலிசியிலோ எங்களைப் போன்ற குழு பாலிசியிலோ நிறுவனம் மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையையும் நம் தெருவையும் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள் இந்த 300 ரூபாய்த் திட்டத்தில் இல்லை. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், பிடித்தம் போகிறதா, கார்டு கையில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நம் காவலாளிகளுக்கு ஏஜென்சி இ.எஸ்.ஐ. கட்டுகிறதா என்று சங்கம் அடுத்த மாத பில்லோடு ரசீது கேட்கலாம். வங்கிக் கணக்கு வைத்திருக்கும், 70 வயது வரையிலான எவருக்கும் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு. காவலாளிகள், பெருக்குபவர்கள் அனைவருக்கும் அந்தத் தொகையைச் சங்கமே கொடுத்துவிடலாம் என்று முன்மொழிகிறேன். செயலர் குறித்துக்கொள்ளவும்.

ஜூன் 30-க்குள் ஓய்வூதியர்கள் தங்கள் மீதித் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்புரைக்கு 30,000 ரூபாய் வரை உண்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவர்கள் மீதி இருந்தால் இந்த நான்காண்டுக்குள்ளேயே முடிக்கப் பாருங்கள். பயன்படுத்தாத தொகை அடுத்த நான்காண்டுக்குச் சேராது. படிவம் நிரப்ப உதவி வேண்டுபவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறைக்கு அட்டையையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூக்குக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம், அச்சு ரொம்பப் பொடி.