எடைக் கருவி காட்டாதது

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் நகர்ப்புறத்தைச் சேர்ந்தவை நான்கே. அந்நான்கில் ஒன்று, அன்றைய பம்பாயின் தாராவி. தோல் பதனிடுவோரும் மட்பாண்டம் வனைவோரும் தையற்காரரும் நெருங்கி வாழும் அப்பகுதியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன.

இத்திட்டத்தின் ஆறு பணிகளுள் துணை உணவும் தடுப்பூசியும் கண்ணுக்குத் தெரிபவை. குழந்தையை நிறுத்து எடையை அட்டையில் குறித்தால் குறை புலப்பட்டுவிடும். மூன்று முதல் ஆறு வயதினர்க்குரிய முன்பருவக் கல்வியோ அவ்வாறன்று. மலர்ந்து வரும் அறிவைக் காட்டும் தராசு எது?

உளவியலார் தராசு செய்யாமலில்லை. 1905-இல் பிரான்சு நாட்டில் பினேயும் சிமோனும் ஒரு சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனி உதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு மாறாததோர் அளவு என்று பினே கருதவில்லை. பின்னர் வந்தவர்கள் இதனை மறந்தது வருந்தத்தக்கது. பம்பாய் மாகாணத்தில் வி. வி. காமத் அச்சோதனையை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கேற்பத் திருத்தியமைத்தார். அரிய பணிதான். ஆயினும் தாராவித் தமிழ்க் குழந்தையை அதைக் கொண்டு அளந்தால், கேள்வி புரியாமல் வாய் திறவாத குழந்தை மந்தம் என்று ஏட்டில் ஏறிவிடும். அதே குழந்தை தாயிடம் தமிழும், அண்டை வீட்டில் இந்தியும், கடையில் மராத்தியும் பேசி மிச்சச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும். இதை அறிவென்று குறிக்க எந்த ஏட்டில் இடமிருக்கிறது?

பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளரும் காணத்தக்க அடையாளங்கள் எளியவை. தையற்கடைப் பொத்தான்களை நிறம் பார்த்தும், பின்பு துளை எண்ணியும் பிரிக்கும் கை, விளையாட்டுக்குப் புது விதி சொல்லும் வாய், கேட்ட கதையில் விட்டுப்போனதை எடுத்துக் காட்டும் நினைவு, ஓயாத 'ஏன்?'. பேசாத குழந்தையை மந்தம் என்னுமுன் காதையும் கண்ணையும் இரத்தச் சோகையையும் சோதித்தல் வேண்டும். தொல்லை தரும் குழந்தை பல வேளைகளில் செய்வதற்கு ஏதுமின்றிச் சலித்த குழந்தையே.

வளர்க்கும் வழிக்கு ஜமைக்கா நாட்டு அனுபவம் சான்றாகும். கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் வாரந்தோறும் சென்று, வீட்டிலேயே செய்யத்தக்க பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு விளையாடத் தாய்க்குக் கற்பித்தனர். இரண்டாண்டுப் பணி அது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவ்விளையாட்டைப் பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களினும் ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுந்திருந்ததென 2014-இல் வெளியான ஆய்வு கூறியது. முதலீட்டுக் கணக்குப் பார்ப்போர் இதனைச் சற்றே நின்று நோக்குவது நலம்.

சயானுக்கு அடுத்த நிலையமான மாட்டுங்காவில் நிலை வேறு. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய இடம் அது. அங்கும் செம்பூரிலும் புத்தகத்துக்குக் குறைவில்லை. குறை, நான்கு வயதில் வாய்ப்பாடு ஒப்பிப்பதையே அறிவாகக் கொள்வதில் உள்ளது. விருந்தினர்முன் ஒப்பிக்கும் குழந்தைக்குக் கேள்வி கேட்க நேரமேது?

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்வதாக 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிட்டது. ஊட்டத்தோடு கல்வியும் என்னும் முனைப்பு 2023-இல் அங்கன்வாடிகளில் தொடங்கியது. ஆனால் உணவு சமைப்பது, பதிவேடுகள் நிரப்புவது, வீடு வீடாகச் செல்வது ஆகிய அனைத்தும் ஒரே பணியாளர், ஓர் உதவியாளர் தலையில் விழுமாயின், குழந்தையோடு அமர்ந்து பேசும் அரைமணி நேரமே முதலில் பறிபோகும். எடையைக் குறிக்கும் அட்டையின் மறுபுறத்தில், அம்மாதம் குழந்தை கேட்ட புதிய கேள்வி ஒன்றை, அது கேட்ட மொழியிலேயே எழுதி வைக்கலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. அந்த அரைமணி நேரம் வேண்டும்.