சாலை யாரைச் சுற்றிக்கொண்டு போகிறது?

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இன்ஜினியர் இல்லை. உப்பளத்துப் பிள்ளை. ஆனா சாலையோட சரித்திரம் இன்ஜினியருக்கு மட்டும் சொந்தமில்லையே, பேசுவோம்.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ மெட்ராஸ் போகணும்னா முதல்ல மேற்கே திண்டிவனம் போகணும். அங்கிருந்துதான் ஜி.எஸ்.டி. ரோடு. கடலோரமா வடக்கே நேரா போக முடியாதான்னு எங்க ஆயாகிட்ட கேட்டேன். "ஓடத்துல போனாங்க, உப்பு போச்சு, நாம போவல" என்று சொல்லிச்சு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு நான் தேடிப் படித்தேன்.

ஆயா சொன்னது பக்கிங்காம் கால்வாயை. ஆந்திரக் கடலோரத்தில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடி நம்ம மரக்காணத்தில் வந்து முடிகிற கால்வாய் அது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு தனியார் முதலாளி வெட்டிய கால்வாயில் ஆரம்பித்து, பிறகு வெள்ளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாக இரண்டு பக்கமும் நீட்டியது. உப்பும் விறகும் அதில்தான் பட்டணம் போயின. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் மட்டும் பாக்கி. அதை எப்போது வெட்டினார்கள்? 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது.

அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குக் கூலி எவ்வளவு தெரியுமா? 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி வந்து அதைக் குறைத்தார். வயது வந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷே எதிர்த்தார். பிறகுதான் கொஞ்சம் உயர்த்தினார்கள். பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள். இந்த ஜில்லாக்களில் நிலமில்லாத கூலி என்றால் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவர்னர் பெயர் கால்வாயில் இருக்கிறது. வெட்டினவன் பெயரை எந்த ஏட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

இன்னும் பழசும் இருக்கு. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வயிறு காய்ந்த பாணனுக்கு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிற பாட்டு. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. உப்பு விற்கிற உமணர் வண்டிகளும் அந்தப் பாட்டில் உண்டு. ஊர்ப்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. உப்பும் பசியும் இந்த வழியில் நடந்து ரொம்ப காலமாச்சு என்பதற்காகச் சொல்கிறேன்.

நடப்பது என்று சொல்கிறோமே, அதுகூட நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் எல்லாரும் போகலாம், வரலாம் என்று. தீர்மானம் நிறைவேறியது. ரோட்டில் நடக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. தீர்மானம் போட்ட பிறகும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருவோம். 1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கடலோரக் கிராம ரோடுகளையெல்லாம் சேர்த்து, சென்னையிலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரே சாலையாக்கினார்கள். 2002இல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். திண்டிவனத்தைத் தொடாமலேயே பட்டணத்துக் கார் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தது. மீன்குப்பத்துக்குப் பக்கத்தில் ரிசார்ட் வந்தது, சவுக்குத் தோப்பு மனையாச்சு. நமக்கும் பஸ் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிரசவத்துக்குப் போகிறவளுக்குச் சாலையோட அருமை தெரியும். சாலையே வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனா சாலை வந்ததும் நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் யாருடைய நிலம் என்ற கேள்வி வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்து, தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. அப்படியும் கை மாறியது. மாமல்லபுரத்துக்கு மேற்கே காரணையில் அந்த நிலத்தைக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நம்ம கடற்கரையில் சாலை உருவான அதே வருஷங்கள் அவை.

2013 ஏப்ரல் 25ஐயும் சொல்லாமல் போக முடியாது. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா. வாகனங்கள் இந்தச் சாலையில் வடக்கே போயின. அன்று மரக்காணத்தில் மோதல். தலித் குடிசைகள் எரிந்தன, பஸ்கள் எரிந்தன, இரண்டு உயிர்கள் போயின. எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அளத்தில் நம்ம வீட்டு ஆளும் வன்னியர் வீட்டு ஆளும் ஒரே வெயிலில் ஒரே உப்பைத்தான் வாருகிறோம். பாத்தியில் இல்லாத சாதி, தார் ரோட்டில் ஏறினதும் எப்படி வருகிறது? இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். பாத்தியிலும் இருக்கிறது. தண்ணிக் குடம் எங்கே வைக்கிறோம், யார் மொண்டு ஊத்துறாங்கன்னு பாருங்க.

இப்போது மறுபடி ரோடு வருகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகிவிட்டது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் நெருக்கமான இடங்களில் நெரிசல், அதைத் தீர்க்க என்கிறார்கள். சரி. அகலமாக்கும்போதும், ஊரைச் சுற்றிப் புறவழி போடும்போதும் நிலம் எடுப்பார்கள். பட்டாக்காரருக்குப் பணம் வரும். அந்த நிலத்தில் வேலை செய்தவனுக்கு?

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2013ஆம் வருஷ நில எடுப்புச் சட்டத்தில் 3(இ) பிரிவு, ஆங்கிலத்தில் 3(சி), 'பாதிக்கப்பட்ட குடும்பம்' யார் என்று சொல்கிறது. நிலம் இல்லாதவர்களும் அதில் உண்டு. விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர், அந்த இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்து பிழைத்தவர் எல்லாம் வருகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கிற நிலத்துக்கும் நஷ்டஈடு, மறுவாழ்வு விதிகள் பொருந்தும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. ஆக, சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது.

இடம் இருக்கிறது, காகிதம் இல்லை. மூன்று வருஷம் வேலை செய்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? எங்கம்மா முப்பது வருஷம் உப்பு சுமந்தது. வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. சனிக்கிழமை கையில் காசு, அவ்வளவுதான். பாதத்தில் இருக்கிற வெடிப்பைக் காட்டினால் தாசில்தார் ஒத்துக்கொள்வாரா? கால்வாய் வெட்டினவனுக்கு ஆனதுதான் நமக்கும் ஆகும்.

அதனால் இந்த வருஷம் மழை வந்து அளம் மூடுவதற்குள் ஒரு வேலை செய்வோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேர் வாருங்கள். வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த அளம், எந்த வருஷத்திலிருந்து, யாரிடம், என்ன கூலி, கூட வேலை செய்தவர் யார் என்று ஆயாக்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கூட வேலை செய்தவர் எந்தச் சாதியானாலும் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், அவருடைய நோட்டில் நீங்கள் போடுங்கள். பஞ்சமி நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீசில் மனு போடுங்கள். நிலம் அளக்கிறவர்கள் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பின்னால் மேசையில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாத பெரியவங்க இன்னிக்கே இங்க உட்காரலாம், இரண்டு தங்கச்சிகள் எழுதித் தருவாங்க.