கண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்க: நட்சத்திரம் பார்க்கப் போறவங்களுக்கு

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சிறிது திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "ஊருக்கு வெளியே வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போனோம், அங்கேயும் பெரிசா ஒண்ணும் தெரியலையே, டெலஸ்கோப் வாங்கணுமா?" வேண்டாம். இப்போதைக்குக் காசைப் பத்திரமா வெச்சுக்கோங்க. உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு நல்ல கருவி இருக்கு. அதைப் பயன்படுத்தத் தெரியாமத்தான் நாம பாதி வானத்தை விட்டுட்டு வர்றோம்.

இன்னைக்கு அதைப் பத்திதான். கடைசியில் என் நண்பன் ஒருத்தனைப் பத்தியும் சொல்லணும். அவன்கிட்ட அனுமதி கேட்டுட்டேன். "பேரை மட்டும் விட்டுடு, மத்ததைச் சொல்லு, யாருக்காவது உதவும்"னு சொன்னான்.

நாங்க போன கதை

தை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை. சென்னையிலிருந்து நாங்க அஞ்சு பேர் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். ஏன் ஜவ்வாது மலை? காவலூர் அங்கேதானே இருக்கு. வைணு பாப்பு தேடிப் பிடிச்ச இடம். 1986-ல் தொடங்கி வெச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்னும் அங்கே இருக்கு. வானியல்காரங்க தேர்ந்தெடுத்த மலைன்னா நமக்கும் நல்லதுதானேன்னு ஒரு கணக்கு. தெரிஞ்சவர் ஒருத்தரோட நிலத்தில், அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் தங்கினோம். காட்டுக்குள்ள கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திட்டுப் படுக்கிற வேலை வேண்டாம். அது வனத்துறை இடமா இருக்கும், விலங்கு நடமாட்டமும் இருக்கும்.

முதல் தப்பு: இருட்டினதுக்கு அப்புறம் போய்ச் சேர்ந்தோம். பாய் எங்கே, பிளாஸ்க் எங்கேன்னு ஆளாளுக்கு போன் டார்ச்சை அடிச்சுத் தேடினோம். ஒருத்தன் நிமிந்து பார்த்துட்டு, "என்னடா, நம்ம மொட்டை மாடியில தெரியறதுதான் இங்கேயும் தெரியுது"ன்னான். அவன் சொன்னது உண்மைதான். அந்த நேரத்தில் எங்க கண்ணு இன்னும் சென்னையிலேயே இருந்துச்சு.

கண்ணுக்குள்ள நடக்கிறது

நம்ம விழித்திரையில் ரெண்டு வகை செல் இருக்கு. கூம்பு செல்கள் பகலுக்கு: நிறம், எழுத்து, முகம் எல்லாம் அதோட வேலை. ஒரு கண்ணுல சுமார் 60 லட்சம். கோல் செல்கள் இருட்டுக்கு: சுமார் 12 கோடி. இதுக்கு நிறம் தெரியாது, ஆனா ரொம்ப மங்கலான வெளிச்சத்தையும் பிடிச்சிடும்.

விளக்கை அணைச்சதும் பாப்பா விரியறது கொஞ்ச நேரத்தில் முடிஞ்சிடும். அது சின்ன உதவிதான். பெரிய வேலையைச் செய்யறது ரொடாப்சின்ங்கிற பொருள். கோல் செல்லுக்குள்ள இருக்கு. வெளிச்சம் பட்டா சிதையும், இருட்டில் மெல்ல மெல்ல மறுபடி சேரும். அதுக்கு 20 நிமிஷத்திலிருந்து 40 நிமிஷம் வரைக்கும் ஆகும். அதுக்குள்ள கண்ணோட உணர்திறன் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிடும். சிதையறது மட்டும் நொடியில் நடந்துடும். அரை மணி நேரம் பொறுமையா உட்கார்ந்துட்டு, யாரோ மெசேஜ் அனுப்பினாங்கன்னு போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்தா, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு. நம்ம பார்வையோட நடுப்புள்ளியில் கோல் செல்லே கிடையாது. அதனால மங்கலான ஒண்ணை நேரா முறைச்சுப் பார்த்தா அது காணாமப் போயிடும். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வெச்சீங்கன்னா ஓரக்கண்ணில் தெரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை நான் அப்படித்தான் முதல் தடவை பார்த்தேன். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஒரு பஞ்சுத் துணுக்கு. நேரா பார்த்தா மறையுது, விலகிப் பார்த்தா வருது.

என்ன செய்யணும்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்க. பாயை விரிச்சு, எது எந்தப் பையில் இருக்குன்னு பார்த்து வெச்சுட்டா, ராத்திரி டார்ச்சே தேவைப்படாது.

டார்ச் வேணும்னா சிவப்பு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற சிவப்புக் கண்ணாடித் தாளை ரெண்டு மூணு மடிப்பா மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டா போதும். ஆழ்ந்த சிவப்பு வெளிச்சம் கோல் செல்லை அதிகம் பாதிக்காது. அதுக்காகச் சிவப்பாச்சேன்னு பளிச்சுன்னு அடிக்கக் கூடாது. கால் எங்கே வைக்கிறோம்னு தெரிஞ்சா போதும்.

போன்ல ஸ்டார் மேப் பார்க்கிறவங்க, பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் குறைச்சு, திரையைச் சிவப்பாக்கிடுங்க. அந்த ஆப்களில் பெரும்பாலும் 'நைட் மோட்' இருக்கும். ஆனா நோட்டிஃபிகேஷன் வந்தா வெள்ளையாத்தான் வரும். அதனால ஏரோபிளேன் மோட்.

யாரும் யோசிக்காத எதிரி காரு. கதவைத் திறந்தா உள்விளக்கு, டிக்கியைத் திறந்தா ஒரு விளக்கு, சாவியை அழுத்தினா நாலு இண்டிகேட்டரும் மின்னும். எங்க ஆளு ஒருத்தன் தண்ணி பாட்டில் எடுக்கப் போய், நாலு பேரோட அரை மணி நேர உழைப்பை ஒரே பட்டனில் காலி பண்ணினான். உள்விளக்கை முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க, தேவையானதை வெளியே எடுத்து வெச்சிடுங்க.

தவிர்க்க முடியாம வெளிச்சத்தைப் பார்க்கணுமா? ஒரு கண்ணை இறுக்க மூடிக்கோங்க. ரெண்டு கண்ணும் தனித்தனியா இருட்டுக்குப் பழகுது. மூடின கண்ணு தப்பிச்சுக்கும்.

அப்புறம், அன்னைக்குப் பகல் முழுக்க வெயிலில் சுத்தறதா இருந்தா கூலிங் கிளாஸ் போட்டுக்கோங்க. பகல் வெயிலோட பாதிப்பு ராத்திரி வரைக்கும் தொடரும்.

குளிர், கழுத்து, கொசு

கண்ணு ரெடியானாலும் உடம்பு ஒத்துழைக்கணுமே. "தமிழ்நாட்டில் என்ன பெரிய குளிர்"னு டி-ஷர்ட்டோட வந்தவன் நான்தான். பத்தரை மணிக்குப் பல்லு தந்தியடிக்குது. நடந்துட்டே இருந்தா தாங்கற குளிரை அசையாம படுத்திருந்தா தாங்க முடியாது. தெளிவான வானம்னா மேகப் போர்வை இல்லை, பூமியோட சூடு மேலே போயிட்டே இருக்கும். பனி வேற இறங்கும். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், மேலே ஒரு போர்வை. அதைவிட முக்கியம் கீழே விரிக்கிறது. பாய் மட்டும் போதாது, அதுக்கு மேல கம்பளி வேணும். தரைதான் சூட்டை உறிஞ்சும். கயிற்றுக் கட்டில் கிடைச்சா யோகம்: பூச்சி, தேள் பயமும் இல்லை. கழட்டி வெச்ச ஷூவைப் போடும்போது மட்டும் ஒரு தடவை உதறிடுங்க.

நின்னுட்டே அண்ணாந்து பார்த்தா பத்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கும். படுத்துடுங்க. பைனாகுலர் இருந்தா கொசு மருந்து தடவின கையால தொடாதீங்க. சில மருந்து பிளாஸ்டிக்கையே கெடுத்திடும். சூடா சுக்குக் காபி, கடிக்க ஏதாவது. விடிஞ்சதும் தூங்காம ஸ்டியரிங்கைப் பிடிக்காதீங்க. இதை மட்டும் எனக்காகக் கேளுங்க.

கார்த்திகையை எண்ணினப்போ

எட்டரை மணி இருக்கும். விளக்கெல்லாம் அணைச்சு முக்கால் மணி ஆச்சு. வானம் நிறைஞ்சு போச்சு. மிருகசீரிடம், திருவாதிரை, தெற்கே அகத்தியர்னு நம்ம ஊர்ல பேர் வெச்ச நட்சத்திரம் எல்லாம் வரிசையா நிக்குது. ஆட்டம் ஒண்ணு ஆரம்பிச்சோம்: கிட்டத்தட்ட தலைக்கு மேல இருக்கிற கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை எண்ண முடியுது? ஒருத்தன் ஆறு, ஒருத்தி ஏழு. நானும் ஆறு.

"எனக்கு அங்கே ஒண்ணு இருக்கிற மாதிரி இருக்குடா, அதுவும் சந்தேகமா"ன்னான் நண்பன்.

சிரிச்சோம். "போன் பார்த்திருப்பே." "இல்லடா, தொடவே இல்லை." "சரி, எதிர்ல அந்தப் புளிய மரம் தெரியுதா?" "எந்த மரம்?"

நாங்க நாலு பேரும் அந்த மரத்தோட கிளையைக்கூடப் பார்த்துட்டு இருந்தோம். அவனுக்கு ரொம்பப் பிரகாசமான சில நட்சத்திரம் மட்டும் தெரிஞ்சது. மத்த வானம் கறுப்பு. அஞ்சு நிமிஷம் முன்னாடி கட்டிலில் இடிச்சுக்கிட்டதும் அதனாலதான்னு அப்பதான் உறைச்சது. தியேட்டர்ல லேட்டா வந்து படியில தடுமாறுவான், நாங்க கிண்டல் பண்ணுவோம். "இருட்டுல யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சேன்டா"ன்னான். அவன் ராத்திரியில தினமும் பைக் ஓட்டிட்டு வீட்டுக்குப் போறவன்.

அடுத்த வாரம் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பார்வைப் பரப்பைச் சோதிச்சாங்க, விழித்திரை எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு டெஸ்ட். ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா. பரம்பரையா வர்றது. முதல்ல கோல் செல்களைத்தான் பாதிக்கும். அதனால பகல்ல எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே இருக்கும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சவன் அவன்.

மாலைக்கண்ணுக்கு இது மட்டும் காரணமில்லை. வைட்டமின் ஏ குறைவு, அதிகக் கிட்டப்பார்வை, கண்புரைன்னு பல காரணம் உண்டு. சிலதை எளிதா சரிபண்ணலாம். அவனுக்கு வந்ததை முழுசா குணப்படுத்த வழியில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா இப்போ தெரிஞ்சதால ராத்திரி பைக்கை விட்டுட்டான், மெட்ரோவில் போறான். வருஷா வருஷம் செக்கப். அவன் தங்கச்சியும் டெஸ்ட் எடுத்தாச்சு, அவளுக்கு ஒண்ணுமில்லை.

நான் அடிக்கடி யோசிக்கிறது இதுதான். நகரத்தில் நமக்கு இருட்டே கிடைக்கிறதில்லை. எங்கே பார்த்தாலும் தெரு விளக்கு, திரை. அதனால நம்ம இரவுப் பார்வை எப்படி இருக்குன்னு நமக்கே தெரியாது. அஞ்சாறு வருஷம் கூடவே இருந்த எனக்கும் தெரியலை. சிரிச்சுட்டுத்தான் இருந்தேன்.

அதனால அடுத்த அமாவாசைக்கு ஒரு வேலை தர்றேன். நல்ல இருட்டான இடம், நாலு நண்பர்கள், அரை மணி நேரம் போன் இல்லாம. மாசியோ பங்குனியோன்னா கார்த்திகையை எண்ணுங்க. எல்லாரும் எண்ணட்டும். யாராவது "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு சொன்னா, சிரிக்கிறதுக்கு முன்னாடி "மரம் தெரியுதா?"ன்னு ஒரு தடவை கேளுங்க.

நண்பன் இந்தத் தடவையும் எங்களோட வர்றான். பைனாகுலர் அவன்கிட்டதான் இருக்கும். பெரிய லென்ஸ் வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கிறதால, கார்த்திகையில் போன மாசம் எட்டு எண்ணினான்.

அடுத்த எபிசோடில் பைனாகுலர் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பேசலாம். அதுவரைக்கும், போனைக் கவிழ்த்து வெச்சுட்டு மேலே பாருங்க.